மறைவு என்ற சொல்லுக்குக் கீழே

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கெஞ்சிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. இது நடந்தது. எனக்கு. அதுவும் பட்டப்பகலில்.

பழைய கதவு, ஜன்னல்களில் பெயிண்ட் எடுப்பது என் தொழில். மூன்று வருடத்துக்கு முன் வெளிநாட்டில் வேலையாக இருந்தபோது அக்கா போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்கடி. அடக்கமும் முடிஞ்சுது. இனி வந்து என்ன பண்ணப் போற?" அன்று ஒன்பதாம் தேதி. அம்மாவுக்கு முடியவில்லை என்றுகூட அதுவரை அவள் என்னிடம் சொன்னதில்லை. அழுதேன். ஆனால் நம்பினேன். அக்கா ஆயிற்றே!

இந்த முறை ஊருக்கு வந்ததும் கல்லறைக்குப் போனேன். குழியை மூடிய படுக்கைக் கல் முழுக்கச் சாம்பல் நிறப் பெயிண்ட், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பெயரும் பிறந்த தேதியும் செதுக்கியவை. "மறைவு" என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் கறுப்புப் பெயிண்டில் ஒன்பதாம் தேதி என்று எழுதியிருந்தது.

"சுரண்டி எடுத்துட்டுச் சுத்தமா பாலிஷ் போடுறேன்க்கா."

"வேண்டாம். மேலயே ஒரு கோட் அடிச்சுட்டு வா."

"யார்கிட்ட சொல்ற? என் பொழப்பே அதுதான்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் கண்டுகொள்ளவில்லை.

மதியம் 3.10. பெயிண்ட் ரிமூவரைத் தடவிப் பிளாஸ்டிக் தாளால் மூடினேன். இருபது நிமிடம் ஊற வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆளே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

3.17. டக்... டக்...

யாரோ கல் கொத்துகிறார்கள் என்று எழுந்து பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

டக்... டக்... டக்...

ஒவ்வொரு சத்தத்துக்கும் பிளாஸ்டிக் தாள் லேசாக எழும்பியது.

காற்றா... இல்லையே.

3.30. தாளை எடுத்தேன். சத்தம் நின்றது. பெயிண்ட் பாலாடை போலச் சுருங்கி வந்தது. வழித்தேன். கையெல்லாம் வெள்ளைக் கல்தூள். பிளாஸ்டிக் சுரண்டியால் கல்லைக் கீறக்கூட முடியாது... பிறகு எப்படித் தூள்?

கறுப்பு எழுத்து கரைந்து போனது.

அடியில் செதுக்கிய தேதி.

அதே மாதம். அதே வருடம்.

ஆனால்... 20.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா என்னைக்குப் போனாங்க?"

"இப்ப எதுக்குடி அதெல்லாம்?"

"இருபதா?"

"...யாரு சொன்னா?"

"சொல்லுக்கா!"

"ஆமாடி. ஒன்பதாம் தேதி படுத்தாங்க. அப்புறம் பதினோரு நாள் இருந்தாங்க." அவள் குரல் உடைந்தது. "பதினாறு வருஷம் நான்தானே பாத்தேன்? படுத்ததுலேர்ந்து, சின்னவ வந்துட்டாளா, சின்னவ வந்துட்டாளான்னு உன்னையேதான் கேட்டாங்க. என்னால தாங்க முடியல."

பதினோரு நாள்! ஒரே நாளில் ஓடி வந்திருப்பேனே! கூடப் பிறந்தவளே என் கழுத்தை அறுத்துவிட்டாள். இன்றுவரை நான் அவளோடு பேசவில்லை.

மறுநாள் அந்தக் கல்லைச் செய்த மேஸ்திரியைத் தேடிப் போனேன். அவராவது உண்மையான தேதியைச் செதுக்கினாரே, நன்றி சொல்லலாம் என்று. செல்போனில் போட்டோவைக் காட்டினேன்.

வாங்கிப் பார்த்தார்.

"மறைவுங்கிறதோட நான் நிறுத்திட்டேம்மா. தேதியை நானே பெயிண்ட்ல எழுதிக்கிறேன்னு உங்க அக்கா சொல்லிட்டாங்க."

"அப்ப இது?"

போட்டோவைப் பெரிதாக்கினார். அவர் விரல் எண்ணின் ஓரத்தில் நின்றது.

"நாங்க வெட்டினா உளி வெளியேர்ந்து உள்ள இறங்கும். இது ஓரமெல்லாம் வெளிப்பக்கமா பெயர்ந்திருக்கு... உள்ளேர்ந்து வெட்டியிருக்காங்கம்மா."