‘டிக்’குக்கும் ‘டும்’முக்கும் இடையிலை

ஓட்டப் போட்டிக்கு வெடி வைக்கிறவனுக்கு உள்ள ஒரே வேலை ஒரு விரலை மடக்கிறது; அதுவும் நேரத்துக்கு நடக்காட்டி மைதானம் முழுக்க அவனைத்தான் பாக்கும். மைக் செத்துப்போய் மேடையிலை முழிச்சுக்கொண்டு நிண்டவை, சந்தியிலை மோட்டச்சைக்கிளை உதைச்சு உதைச்சுக் களைச்சவை எல்லாருக்கும் என்ரை பாடு விளங்கும். நான் அச்சுவேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொண்டிலை விளையாட்டு வாத்தியார். எங்கடை துவக்கு, அதுதான் ஓட்டம் தொடக்கிவைக்கிற கைத்துப்பாக்கி, என்னைவிட வயது கூட. குண்டு இல்லை, வெறும் சத்தத் தோட்டா. அதுக்குள்ளையும் மருந்து கொஞ்சம்தான்.

பெற்றோல் வைத்தியம்

பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையிலான போட்டியிலை முதல் ஓட்டம். “இடத்துக்கு... ஆயத்தம்...” எண்டு சொல்லி விசையை இழுத்தன். ‘டிக்’. அவ்வளவுதான். கையை மேலை பிடிச்சபடி, ஐயோ கடவுளே எண்டு நினைக்கிறதுக்கிடையிலை ‘டும்!’ பாதிப் பிள்ளையள் ஓடிச்சினம், மிச்சப்பேர் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டிச்சினம்.

வேலிக்கு அங்காலை நிண்டவர் வெங்காயத் தோட்டக்காரர் செல்வம் அண்ணை. எங்கடை ஓட்டக்காரி கௌசியின்ரை தேப்பன். அவர் சத்தம் போட்டுச் சொன்னார்: “சேர், என்ரை வாட்டர் பம்பும் உப்பிடித்தான். கொஞ்சம் பெற்றோல் காட்டிப் பாருங்கோ!”

அரிசிப் பெட்டி

மாரி ஈரம் தோட்டாவுக்குள்ளை இறங்கிட்டுது எண்டு நானே முடிவுகட்டினன். போன் தண்ணியிலை விழுந்தால் அரிசிக்குள்ளை வைக்கிறமெல்லே, உதுவும் உப்பிடித்தானே! தோட்டாப் பெட்டியை அரிசிக்குள்ளை தாட்டன். மனுசிக்குச் சொல்ல மறந்துபோனன்.

அடுத்தநாள் காலமை குசினிக்குள்ளையிருந்து அரிசி அளக்கிற சுண்டோடை வெளியிலை பாய்ஞ்சு வந்தா. சுண்டுக்குள்ளை அரிசியும் பெட்டியும். “பள்ளிக்கூடத்துப் பிள்ளையளை ஓட வைக்கத்தானே உது? பிறகேன் என்னை ஓட வைக்கிறியள்?”

அறிவிப்பு

அரிசியாலும் சுகம் வரேல்லை. அண்டைக்குப் பின்னேரம் மிச்ச ஓட்டங்களிலை ஒரு தோட்டா ‘டிக்’கோடையே நிண்டிட்டுது. துவக்கை நிலத்தைப் பாக்கப் பிடிச்சுக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிக்கிறன். மைக்கிலை நிண்ட சமூகக்கல்வி வாத்தியார், “ஏன் சேர், இன்னும் துவக்கேல்லை?” எண்டு கேட்டார். “துவக்கு துவங்கேல்லை!” எண்டு கத்தினன்.

மனுசன் சிரிக்காமல் கொள்ளாமல் ஊருக்கே அறிவிச்சார்: “துவக்கு துவங்காதபடியால், துவங்க வேண்டிய போட்டி துவங்கப் பிந்தும்.”

கௌசியின்ரை கணக்கு

வலயப் போட்டிக்குப் பயிற்சி நடந்தது. நூறு மீற்றரிலை முதல் ரெண்டு பேர் மாகாணத்துக்குப் போவினம். கௌசிக்கு அந்த வயதுப் பிரிவிலை இதுதான் கடைசி வருசம். நாலு மணிக்கே எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணி கட்டிப்போட்டு வந்து ஓடுற பிள்ளை. பயிற்சியிலை எல்லாருக்கும் முன்னாலை பறந்தாள். எப்பிடியடி எண்டு கேட்டன்.

“உங்கடை துவக்கு முதல் ‘டிக்’ எண்டு சொல்லும் சேர், பிறகுதான் வெடிக்கும். நான் ‘டிக்’குக்கே வெளிக்கிடுறன்.”

நெத்திப் பொட்டு

அவளைத் திருத்தியிருக்க வேணும். நான் கெக்கட்டம்விட்டுச் சிரிச்சன். துவக்கைத் திறந்து பாத்திருக்க வேணும். வெளியாலை துடைச்சுப்போட்டு மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேந்தன். வலயப் போட்டிக்கும் நான்தான் வெடி, அதே துவக்கு. ‘டிக்’. கௌசி பாய்ஞ்சாள். ‘டும்’ பிறகு வந்தது. பிழையான தொடக்கம் எண்டு நடுவர் ரீச்சர் சிவப்பு மட்டையைக் காட்டினா. பிள்ளை பாதையிலேயே குந்தியிருந்து அழுதாள்.

ஒரு பக்கமாய்ப் போய்த் துவக்கைத் திறந்தன். தோட்டாவிலை அடிக்கிற சின்னச் சுத்தியலின்ரை முகத்திலை காய்ஞ்சு இறுகின சந்தனம். வாணி விழாச் சரஸ்வதி பூசையிலை பள்ளிக்கூடச் சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்கேக்கை, துவக்குக்கு நெத்தி எது எண்டு தேடி அந்த இடத்திலை வைச்சது நான்தான். அந்த மெத்தையிலை பட்டால் அடி எப்பிடி உறைக்கும், மருந்து எப்பிடி உடனை பத்தும்! ஒருத்தரும் காணேல்லை. நகத்தாலை சுரண்டிப்போட்டுப் பேசாமல் இருப்பம் எண்டுதான் நினைச்சன், பொய் சொல்லேல்லை. சுரண்டியும் போட்டன். ஆனால் அந்த அழுகைச் சத்தம் நிக்கேல்லை. வெக்கத்தோடை நகத்தை நீட்டிக்கொண்டு நடுவரிட்டைப் போனன். “பிள்ளையிலை பிழையில்லை ரீச்சர். பிழை என்ரை.”

அவ நகத்தை மணந்து பாத்தா. “நல்ல சந்தனம்தான். திருப்பி ஓட விடுங்கோ.”

இந்தமுறை ‘டிக்’ இல்லை, நேரை ‘டும்’. கௌசி கடைசியாய்த்தான் வெளிக்கிட்டாள். முன்னாலை போனவையை எட்டிப் பிடிச்சு, ஒரு சாண் வித்தியாசத்திலை ரெண்டாவதாய் வந்தாள். மூச்சு வாங்க வாங்க என்னட்டை ஓடி வந்து கேட்டாள்: “‘டிக்’ எங்கை சேர்? நான் அதைப் பாத்துக்கொண்டெல்லே நிண்டனான்!”

துவக்கு வெடிக்கப் பிந்தினது அரைச் செக்கன்; பிழை என்ரை எண்டு நான் வாய் திறக்கப் பிந்தினது அஞ்சு நிமிசம்.