மூலைவரை தெளிவாக விழும் லென்ஸ்

திரும்பி வந்த போட்டோ

கோர்ட்டிலிருந்து போட்டோ திரும்பி வந்த அன்று முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் போட்டோவை எடுத்தது அவர்தான்.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் நான் கேமரா வேலை பார்த்தேன். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டைச் சேர்ந்த சடையக் கவுண்டர் என்பவருக்கும் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரருக்கும் எல்லை வழக்கு. நடுவில் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தினைக்காடும் தன்னுடையதுதான் என்றார் தோட்டக்காரர். கவுண்டர் வீட்டில் துணியில் வரைந்த பழைய சர்வே மேப் ஒன்று இருந்தது. விரித்தால் கட்டில் அளவு. முன்பு ஒரு பத்திரத்தைக் கீழே கொண்டுபோய் அது திரும்பி வராததால், மேப்பை மலையை விட்டு இறக்க மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தெளிவான போட்டோ கொடுங்கள், கோர்ட் அனுப்பும் கமிஷனர் மலைக்குப் போய் அசலோடு ஒத்துப் பார்க்கட்டும் என்றார் ஜட்ஜ்.

முதலாளி ஆள் முகம் எடுக்கும் தன்னுடைய போர்ட்ரெய்ட் லென்ஸோடு போய் எடுத்து வந்தார். நடுப்பகுதி பிரமாதம். ஓரத்துக்குப் போகப் போகக் கோடுகள் தண்ணீரில் நனைந்த மாதிரி கலைந்திருந்தன. ஓடை மேப்பின் வலது கீழ் மூலையில் இருந்தது. "இது ஓடையா, துணி மடிப்பா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டாராம். கோர்ட்டே சிரித்ததாம். ஜட்ஜ் இன்னும் ஒரு வாய்தா கொடுத்தார். அதுதான் கடைசி.

சுவரில் ஒட்டிய நியூஸ்பேப்பர்

ஸ்டுடியோவில் மூன்று லென்ஸ்கள் இருந்தன. எது சரி என்று வாயால் பேசுவதில் பலனில்லை. சுவர் முழுக்க நியூஸ்பேப்பர் ஒட்டி, மூன்றிலும் ஒவ்வொரு கண்ணாடி பிளேட்டில் படம் எடுத்தேன். பூதக்கண்ணாடியால் மூலை எழுத்துகளை மட்டும் பார்த்தேன்.

போர்ட்ரெய்ட் லென்ஸில் மூலையில் எழுத்தே இல்லை, கறைதான் இருந்தது. அகலமாகப் பிடிக்கும் வைட் ஆங்கிளில் எழுத்து தெரிந்தது. ஆனால் ஓரம் இருட்டடித்தது. பத்திரங்களை நகலெடுக்கும் காப்பியிங் லென்ஸில் மூலையில் இருந்த மருந்து விளம்பரத்தை வரி விடாமல் படித்தேன். கோடுகளும் வளையவில்லை. அதற்கு இரண்டு குறைகள். வெளிச்சம் நிறைய வேண்டும். பெரிய மேப் என்றால் நன்றாகத் தள்ளி நிற்க இடமும் வேண்டும்.

"ஏம்ப்பா, என் லென்ஸ்ல எத்தனை ஜமீன்தார் மூஞ்சி எடுத்திருக்கேன் தெரியுமா?" என்றார் முதலாளி.

"மூஞ்சி நடுவுல இருக்குதுங்க. ஓடை மூலையில இருக்குது."

அவர் பூதக்கண்ணாடியை வாங்கி மூலையைப் பார்த்தார். பிறகு, "சரி, எடுத்துட்டுப் போ. கீழ போட்டுடாதே" என்றார்.

கம்பளி

அப்போது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடை. கேமராவையும் பிளேட் பெட்டியையும் சுமையாட்கள் தூக்கினார்கள். லென்ஸை வேட்டியில் சுற்றி நானே தோளில் மாட்டிக்கொண்டேன்.

கவுண்டரின் மனைவி செல்லாயி மேப்பைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்றார்.

"ஏனுங்க, போன தடவ வந்தவரு நாலு மூலையிலயும் ஆணி அடிச்சுப் போட்டாருங்க. பாருங்க, ஓட்டை. இன்னொரு ஆணி அடிக்கறதுன்னா இப்பவே எறங்கிப் போயிருங்க."

"ஆணி வேண்டாம் அம்மணி. ஆனா சுருக்கமில்லாம நிக்கணுமே."

அவர் உள்ளே போய்க் கனமான கம்பளி ஒன்றைக் கொண்டுவந்தார். மேப்பின் ஓர மடிப்பைக் கம்பளியோடு சேர்த்து நூலோட்டம் போட்டார். கம்பளியை ஒரு மூங்கிலில் கட்டி, வெளிச்சம் சீராக இருக்க நிழல் பக்கத்து வெளிச்சுவரில் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தில் கல் கட்டினோம். வீட்டுக்குள் தள்ளி நிற்க இடமில்லை. வாசலில் இருந்தது.

லென்ஸிலிருந்து நான்கு மூலைக்கும் கயிறு பிடித்து அளந்தேன். நான்கும் ஒன்றாக இருந்தால்தான் கேமரா நேராக நிற்கிறது என்று அர்த்தம். ஃபோகஸை ஓடை இருந்த மூலையில் வைத்துப் பார்த்து, லென்ஸ் துளையைச் சுருக்கினேன். மூடியைத் திறக்கப் போகும்போது மேகம் இறங்கிச் சுவரே மறைந்தது. காத்திருந்தோம். மேகம் விலகியதும் காற்று வந்தது. அதற்கும் காத்திருந்தோம். கவுண்டர் ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் காற்று நின்ற இடைவெளியில் இரண்டு பிளேட் எடுத்தேன்.

ஒரு பிளேட் மிச்சம் இருந்தது.

"எங்க ஊட்டுக்காரர ஒண்ணு எடுங்க. கோர்ட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வாராரு. ஊட்டுல இருக்கற நாளே கம்மி. பாக்கறதுக்காச்சும் ஒண்ணு இருக்கட்டும்" என்றார் செல்லாயி.

இந்த லென்ஸுக்கு ஆள் வெகுநேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்றேன்.

"காட்டுப் பன்னிக்குக் காவல் இருந்தவனுங்க நானு. அசைஞ்சா பன்னி வருங்களா?" என்றார் கவுண்டர். கண் இமைகூட ஆடாமல் உட்கார்ந்தார்.

தீர்ப்புக்குப் பிறகு

மேப் படத்தில் ஓடை, அதன் பெயர், கரையிலிருந்த எல்லைக் கல்லின் குறி எல்லாம் தெரிந்தன. கமிஷனர் மேலே போய் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். தினைக்காடு கவுண்டருக்கே என்று தீர்ப்பானது. முதலாளி அன்று சீக்கிரமே சாப்பிடப் போனார்.

கவுண்டர் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினேன். செல்லாயி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கெழவரு யாருங்க?"

நெற்றிக் கோடு, கண்ணுக்குக் கீழே குழி, கன்னத்தில் வெடிப்பு என்று அந்த லென்ஸ் ஒன்றையும் விடவில்லை. போர்ட்ரெய்ட் லென்ஸ் என்றால் பாதியை மென்மையாக மறைத்திருக்கும்.

கவுண்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நானேதான் புள்ள. ஜட்ஜய்யா பாத்த மூஞ்சி இதுதான்."

செல்லாயி சிரிக்கவில்லை. படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையால் படத்தைத் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"கேசு ஆரம்பிக்கறப்ப இப்புடி இல்லீங்க இவரு" என்று என்னிடம் சொன்னார். பிறகு கவுண்டரிடம், "காடு வந்துருச்சில்ல. இனி ஊட்டுல இருந்து சோறு தின்னுங்க" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். மேப்புக்கும் பத்திரத்துக்கும் மூலைவரை தெளிவாக விழும் லென்ஸ் எடுங்கள். முதலில் நியூஸ்பேப்பரில் சோதித்துப் பாருங்கள். அதே லென்ஸால் ஒரு மனிதரை எடுக்கச் சொன்னால் எடுங்கள். ஆனால் முகத்தில் இருப்பதெல்லாம் படத்தில் தெரியும் என்று வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.