கனவில் அப்பா எந்தப் பாஷை பேசினார்

மும்பை விக்ரோலியில் நான் வேலை பார்க்கும் ஆபீஸுக்குப் புதிதாக யார் வந்தாலும் ஒரு வாரத்துக்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். மொபைலில் டைப் செய்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். பிறவியிலேயே காது கேட்காதாமே, அப்படியென்றால் மனசுக்குள் எந்தப் பாஷையில் நினைப்பீர்கள்? கனவில் ஆட்கள் பேசினால் குரல் கேட்குமா? உலகத்திலேயே முதல்முதலாகத் தனக்குத்தான் இது தோன்றியது என்பதுபோல ஒரு பார்வை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கனவு காணும்போது உங்கள் காது தலையணையில் அமுங்கித்தானே கிடக்கிறது, நீங்கள் மட்டும் எதை வைத்துக் கேட்கிறீர்கள் என்று திருப்பி டைப் செய்வேன். அதோடு போய்விடுவார்கள்.

ஆனால் இந்தக் கேள்வியை முதலில் ஆரம்பித்து வைத்தவர் என் பெரியப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது. தாராவியில் இருந்தோம். அப்பா இறந்து முதல் வருடப் படையல் நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் கனவில் வந்து என்ன கேட்கிறாரோ அதைத்தான் படையலில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பசியோடு திரும்பிப் போய்விடுவார். ஆகவே நாள் நெருங்க நெருங்க ஆளாளுக்குக் கனவு வரத் தொடங்கியது. பெரியப்பாவின் கனவில் அப்பா வந்து ஆட்டுக்கறியும் குவார்ட்டரும் கேட்டார். பெரியப்பாவுக்கும் அவை இரண்டும்தான் உயிர் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அத்தையிடம் வந்து கேசரி கேட்டார். அம்மாவின் கனவில் மட்டும் வரவில்லை. அந்த வருடம் முழுக்க ஒருமுறைகூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்று தெருவுக்கே ஒரு விளக்கம் இருந்தது. இறந்த அன்று காலை இரண்டு பேருக்கும் சண்டை, அதுவும் என்னை வைத்து. நான் படித்த பள்ளியில் கையால் பேசக்கூடாது. கையைப் பழக்கினால் வாய் திறக்காதாம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளச் சொல்லித் தந்ததும் இந்தியில்தான், அதனால் வீட்டிலும் இந்தியே பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திருநெல்வேலித் தமிழைத் தவிர வேறெதுவும் அறியாத அம்மா, வாயை ஊர் அகலத்துக்குத் திறந்து தண்ணீர் குடிக்கச் சொல்லி என்னிடம் “பானீ பியோ” என்பாள். நான் கையைத் தூக்கினால் கைமேலேயே ஒன்று வைப்பாள். அப்பாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் ஒத்துவரவில்லை. தோல்பைப் பட்டறையிலிருந்து வந்ததும் அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து என்னோடு கையாலேயே பேசுவார். எந்தப் பள்ளியிலும் இல்லாத சைகைகள் அவை. நாங்கள் இரண்டு பேரும் உண்டாக்கிக்கொண்டவை. அன்று காலை அம்மா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். பிள்ளையைக் கெடுப்பதே நீங்கள்தான் என்று அவள் கத்த, அவர் சாப்பிடாமல் பட்டறைக்குப் போனார். மத்தியானம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். கோபத்தோடு போனவன் அவளிடம் எப்படி வருவான் என்று பெரியப்பா அம்மாவின் காதுபடவே சொல்வார் என்பது பின்னாளில் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

படையலுக்கு முந்தின வாரம் என் கனவில் அப்பா வந்தார். கதவருகில் இரண்டு கைகளிலும் தோல்கட்டைச் சுமந்துகொண்டு நின்றார். உதடு அசையவில்லை. கையும் அசையவில்லை, கையில்தான் சுமை இருந்ததே. ஆனாலும் சாளைக் குழம்பு வேண்டும் என்று சொன்னார். எப்படிச் சொன்னார் என்றால் நான் எங்கே போவேன்? சொன்னார், எனக்குப் புரிந்தது, அவ்வளவுதான். என் கனவில் சிலர் கையால் பேசுவார்கள். எங்கள் தெருப் பால்காரர்கூட அங்கே வந்தால் கையால்தான் பேசுவார். சிலர் சும்மா நிற்பார்கள், சொல்ல வந்தது எனக்கு வந்து சேர்ந்துவிடும். அப்பா அன்று சிரித்துக்கொண்டு நின்றார்.

படையலுக்கு என்ன சமைப்பது என்று எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது பள்ளியில் பழக்கிய குரலில் “அப்பா, மச்சி” என்று மீனுக்கான இந்தி வார்த்தையைச் சொல்லி, விரல் நீளம் காட்டினேன். சாளை என்று அத்தைக்கு உடனே விளங்கிவிட்டது. மலிவான பொடி மீன். பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. என் எதிரே வந்து குத்தவைத்தார்.

“ஏட்டி, ஒங்கப்பன் எந்தப் பாஷைல கேட்டாம்? தமிழ்லயா, இந்திலயா?”

அத்தை அதை இந்தியில் உதடு விரித்துச் சொன்னாள். இரண்டும் இல்லை என்று தலையாட்டினேன். குரல் ஏதாவது கேட்டதா? தலையாட்டினேன். வாயையாவது திறந்தானா? அதற்கும் தலையாட்டினேன். பெரியப்பா எழுந்து தீர்ப்புச் சொன்னார், அதையும் அத்தைதான் எனக்கு இந்தியில் சொன்னாள்.

“வாயும் தொறக்கல, சத்தமும் இல்ல. அப்புறம் என்ன கனவு? பிள்ளைக்கு மீன் திங்க ஆச, சொல்லுது.”

இவர் கனவில் குவார்ட்டர் கேட்ட அப்பா எந்தப் பாஷையில் கேட்டார் என்று ஒருத்தராவது கேட்டார்களா? எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். காது கேட்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. கண்ணை மூடினால் பெரியப்பா ஒழிந்தார், இந்தி ஒழிந்தது, பள்ளிக்கூடமும் ஒழிந்தது.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா. சமையல் மூலைக்குக் கூட்டிப்போய் என்னைத் தனக்கு எதிரே நிறுத்தினாள். இவளும் குரலைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று எனக்குச் சலித்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, மூக்குத்தியைக் கழற்றிவிட்ட வெறும் மூக்கை விரலால் தொட்டாள். அம்மா என்பதற்கு அப்பாவும் நானும் வைத்திருந்த சைகை அது. பிறகு உள்ளங்கையில் முட்டியை வைத்து மிளகாய் அரைப்பதுபோல் தேய்த்தாள். கோபம். புருவத்தை உயர்த்தி என்னையே பார்த்தாள்.

இல்லை, சிரித்தார், மீன் கேட்டார் என்று கையால் சொன்னேன். மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் சொன்னேன். என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு மீனுக்கு ஏன் இத்தனை அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனாள். அங்கே அவள் சொன்னதையும் பிறகு அத்தைதான் எனக்குச் சொன்னாள்.

“அத்தான், சாளதான் வைக்கேன். அவுக எம்பிள்ளட்ட கேட்டுருக்காக. கறி வேணும்னா நீங்க ஒங்க வீட்ல வச்சுக்கிடுங்க.”

பெரியப்பா கோபித்துக்கொண்டு போனார், படையலன்று வந்து அந்தக் குழம்பை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். நானும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். எங்கள் சைகைகள் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தன என்ற யோசனை மட்டும் எனக்கு விடவில்லை. அப்பா அவள் கனவிலும் வந்து சொல்லித் தந்திருப்பார், இவள்தான் யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அவர் உயிரோடு இருந்தபோது நாங்கள் பேசியதையெல்லாம் அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.