தலைவரின் விழாக்களுக்குப் பந்தல் போட்டவர்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். ஆகவே இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி எழுதும் உரிமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நடந்ததை மூடி மறைத்து எழுத எனக்கு வராது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது குரும்பகரத்தில். தாத்தா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வாய்ப்பு அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. மீசை அரும்பும் வயதில் காரைக்காலுக்கு வந்து பந்தல் வேலையில் சேர்ந்தார். கல்யாணத்துக்கும் போட்டார், சாவுக்கும் போட்டார். ஆனால் அவருடைய உழைப்பில் பெரும்பகுதியைத் தின்றவை எங்கள் நகராட்சித் தலைவரின் விழாக்கள்தான். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் வயதானவர்கள் தலைவரை இன்னும் 'மேர்' என்பார்கள்.

மரம் நடும் விழா, கோலப்போட்டிப் பரிசளிப்பு, தையல் எந்திரம் வழங்கும் விழா. ஒரு தெருக்குழாயைத் திறந்து வைக்கக்கூட மேடை, வளைவு, வாழைமரம். காலையில் வருவதாகச் சொன்ன தலைவர் உச்சி வெயிலில் வருவார். அதுவரை பெண்கள் குழந்தைகளோடு தரையில் கிடப்பார்கள். யாரும் கேட்காமலே அவர்கள் பக்கம் துணியை நீட்டி இழுத்துக் கட்டுவது அப்பாவின் வழக்கம்.

"இத யாருய்யா கட்டச் சொன்னா?" என்று தலைவரின் உதவியாளர் ஒருமுறை சத்தம் போட்டார்.

"வெயிலு சொல்லுச்சு தம்பி" என்றார் அப்பா, முடிச்சை இறுக்கிக்கொண்டே.

பிறகு சர்க்கரை நோய் வந்தது. புண் ஆறாமல் வலது காலை எடுத்தார்கள். ஊன்றுகோல் பிடிக்கவும் தெம்பில்லை. நான் அப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு. நான் பட்டம் வாங்குவதை நேரில் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே அப்பாவின் ஆசை. அதற்காகத் தலைவரிடம் ஒரு சக்கர நாற்காலி கேட்டு மனு கொடுத்தோம்.

விழாவில்தான் கொடுப்போம் என்றார்கள். மேடைக்குப் படிகள் மட்டுமே இருந்தன. நான்கு பேர் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் வைத்தார்கள். விலகிய வேட்டியைச் சரிசெய்யக்கூட விடாமல் "இங்க பாருங்க" என்றார் புகைப்படக்காரர். தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா மேடையின் காலைப் பார்த்தார்.

"தலைவரே, அந்த ஓரத்து முட்டு ஆடுது. இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க."

அன்று அந்த மேடையில் பேசப்பட்டவற்றில் யாருக்காவது பயன்பட்ட பேச்சு அது ஒன்றுதான்.

மறுநாள் உதவியாளர் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, நாளைக்குப் பக்கத்து வார்டுல பங்ஷன். நாற்காலி ஒண்ணு கொறையுது. போட்டோ எடுத்துட்டு சாயங்காலமே கொண்டாந்துர்றேன்."

"ஆளோட எடுத்துட்டுப் போறீங்களா, ஆள எறக்கிட்டா?" என்று கேட்டார் அம்மா.

"விடு புள்ள, குடுத்து அனுப்பு. சொன்னா கொண்டாந்துருவாங்க" என்றார் அப்பா.

கொண்டுவரவில்லை. விழாப் படங்கள் என் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருந்தன. ஒன்றில் ஒரு பாட்டி, இன்னொன்றில் ஒரு சிறுமி. நாற்காலி ஒன்றேதான். கைப்பிடியில் அம்மா சுற்றிவிட்ட நீலத்துணி அப்படியே இருந்தது.

நேரில் போனேன். தலைவர் மகிழ்ச்சியாக வரவேற்றார். "டிகிரி படிக்கிற பொண்ணா? நல்லதாப் போச்சு. சாதனை மகளிர் விழா வருது. உன்னையும் மேடையேத்திருவோம்."

"எங்க அப்பா நாற்காலியக் குடுங்க. அது போதும்."

"அதான் குடுத்தாச்சேம்மா. போட்டோவே இருக்கே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பட்டமளிப்பு விழா அன்று, அப்பாவோடு வேலை பார்த்த பந்தல்கார மாமாக்கள், தாங்களே தூக்கிக்கொண்டு போவதாக வந்து நின்றார்கள். அப்பா ஒப்பவில்லை. "மேடையில தூக்குனதே போதும்ப்பா. அவ கூடப் படிக்கிற புள்ளைங்க முன்னாடி வேணாம்."

நான் பட்டம் வாங்கியதை அப்பா பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அதை அவர் கையில் கொடுத்தேன்.

"கை தட்டுனாங்களா?"

"தட்டுனாங்கப்பா."

"நல்லாத் தட்டுனாங்களா?"

அந்த மழைக்காலத்திலேயே அப்பா போய்விட்டார். தலைவர் மலர்வளையத்தோடும் புகைப்படக்காரரோடும் வந்தார். தெருமுனை வரை பாடைக்குத் தோள் கொடுத்தார். படம் எடுத்து முடிந்ததும் காரில் ஏறினார்.

இந்த மலர் தயாராவதைக் கேள்விப்பட்டு உதவியாளர் மீண்டும் பேசினார். தலைவரின் படத்தோடு இரங்கல் செய்தி தருவார்களாம், முதல் பக்கத்தில் போட வேண்டுமாம்.

"போட்ருவோம்மா" என்றார் சித்தப்பா. "நாளைக்கு ஒரு சர்டிபிகேட்டு வேணும்னா அவங்க வாசல்லதான் நிக்கணும்."

"நிக்கிறேன் சித்தப்பா. ஆனா அப்பாவ இன்னொரு தடவ அந்தாளு பக்கத்துல வைக்க மாட்டேன்."

அதனால் முதல் பக்கத்தில் அப்பா மட்டும் இருக்கிறார்.

அப்பாவின் புண்ணுக்கு முகம் சுளிக்காமல் மருந்து கட்டிய செவிலியர்களுக்கும், பட்டமளிப்பு அன்றும் கடைசி நாளிலும் வந்து நின்ற பந்தல்கார மாமாக்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இவர்கள்தான். வேறு யாரும் இல்லை.