ஞானபாக்கியம் நேர்ந்துகொண்ட முழங்கால்

என் மச்சான் வியாகுலத்தின் இடது முழங்காலை நம்பி ஒரு ஜீப்பே ஓடியது. ராயப்பன்பட்டியிலிருந்து கம்பம் மெட்டு மலைப்பாதை ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகிற ஜீப். வளைவுக்கு வளைவு கிளட்சை மிதித்தாக வேண்டும். மிதிக்கிற கால்தான் கெட்டுப்போயிருந்தது.

இளவட்டத்தில் சடுகுடு ஆடி விழுந்தபோது முட்டிக்குள் ஜவ்வு அறுந்தது. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். கட்டு அவிழ்ந்ததும் மச்சான் மறுபடி ஆடப் போய்விட்டார். சும்மா இருக்கிற ஆளா அவர்? கால் வழுக்கி வழுக்கி, மூட்டின் உள்பக்கம் தேய்ந்தே போயிற்று. எண்பத்தாறாம் வருஷம் ஒருநாள் மேட்டில் கிளட்சை மிதித்தபோது முட்டி விலகிக்கொள்ள, வண்டி பின்னால் உருண்டு பாறையில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மச்சான் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பார்க்கவே சகிக்கவில்லை.

மதுரையில் ஒரு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். "தேஞ்ச பக்கத்துக்கு மட்டும் உலோகத்துல அரை மூட்டு வைக்கலாம். ஆனா கால் இப்படி ஆடுனா அது கழண்டுரும். ஜவ்வை மட்டும் சரி பண்ணுனா வலி போகாது. உங்க தசைநாரையே எடுத்து ஜவ்வாக் கட்டி, அரை மூட்டையும் சேத்து வச்சிருவோம். ரெண்டையும் ஒண்ணா நான் செய்யறது இதான் மொதத் தடவை."

"நானும் மொதத் தடவை மெட்டு ஏறும்போது ஆள ஏத்திக்கிட்டுத்தான் போனேன். செய்யுங்க டாக்டரு," என்றார் மச்சான்.

செய்தார். கட்டு பிரித்து முதன்முதலாக எழுந்து நின்ற மச்சான் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, நிக்குதுலே," என்றார். நான் வார்டிலேயே விசிலடித்து நர்ஸம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சில மாதம் கழித்துக் காட்டப் போனபோது டாக்டர் சொன்னார்: "நல்லா நடங்க, வண்டியும் ஓட்டலாம். முட்டி போட்டு மட்டும் நடந்துறாதீங்க."

கூட வந்திருந்த அவர் மனைவி, என் அக்கா ஞானபாக்கியத்துக்கு முகம் செத்துவிட்டது. வெளியே வந்து மெல்லச் சொன்னாள்: "இவுக கால் நல்லானா, கோயில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் முழங்கால்லயே வருவாகன்னு மாதாகிட்ட நேந்துட்டேன்."

முழங்காலுக்காக முழங்காலையே நேர்ந்திருக்கிறாள் மகராசி! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மச்சானோ, மாதாவை ஏமாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். அந்தக் கால் போனால் அவர் பிழைப்பும் போய்விடும் என்று எனக்குப் பதறியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மச்சான் கோயில் வாசலில் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குனிந்தார். அக்கா அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"நேந்தது என் வாயி. என் முட்டி போதும். நீங்க கூட வாங்க."

கனத்த உடம்போடு அவளே முழங்காலிட்டு நகர்ந்தாள். மச்சான் பக்கத்திலேயே அடி அடியாக நடந்தார். பாதி வழியில் அவளுக்கு மூச்சு வாங்கி உடம்பு சாய்ந்தது. பிடிக்க வேறொன்றும் இல்லாமல் மச்சானின் இடது காலைக் கட்டிக்கொண்டு மொத்தப் பாரத்தையும் அதில் போட்டுவிட்டாள். நான் பதறி ஓடினேன். மச்சான் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

கால் அசையவே இல்லை. அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள், மீதி வழியையும் முடித்தாள்.

கோயிலைவிட்டு இறங்கியதும் மச்சான் என் முன்னால் கையை நீட்டினார். ஜீப் சாவியைக் கொடுத்தேன்.