அடுத்த வீட்டு அடுப்பில் பன்றி ரத்தம்

சுகர் லேண்ட் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் அடுத்த வீட்டில் இருப்பவள் வியட்நாம்காரி. என் வயதுதான். அவள் கணவர் மாரடைப்பில் இறந்து ஓராண்டு ஆகப்போகிற சமயத்தில், ஒரு சனிக்கிழமை காலை வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"உனக்கு ரத்தம் சமைக்கத் தெரியும்தானே?"

நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இருவருக்குமே அது பிறகு கற்ற மொழி என்பதால், எதையோ தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருந்த ஒரு நாள், கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில் ஆட்டு ரத்தத்தைப் பொரியல் செய்வோம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அன்று முகத்தைச் சுளித்தவள் இவள்தான்.

மறுநாள் அவருடைய நினைவு நாள். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படத்தின் முன் வைப்பது அவர்கள் வழக்கம். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான் என்றேன். அவர் வியட்நாமில் பிறந்த சீனர். ஞாயிறு தவறாமல் பன்றி ரத்தம் வாங்கி வந்து தானே சமைப்பாராம். "அந்த வாடை எனக்கு ஆகாது. அவர் அடுப்பைப் பற்றவைத்தால் நான் கராஜுக்குப் போய்விடுவேன்" என்றாள். நான் சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குள் வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் சென்னைக்காரர், சைவம்.

"பிளட்டா? நீயா குக் பண்ணப் போற? லாஸ்ட்டா எப்ப பண்ணின?"

"நான் பண்ணினதே இல்லீங்க. அம்மா பண்ணுவாங்க, நான் சாப்பிடுவேன்."

"அப்புறம் ஏன் ஓகேன்னு சொன்ன?"



ஞாயிறு காலை போனபோது அவள் ரத்தத்தை வாங்கி வைத்திருந்தாள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், தண்ணீருக்குள், செங்கல் நிறத்தில் கட்டியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் முதலில் மஞ்சள் தூள் கேட்டேன். அவளிடம் இல்லை. கட்டியைத் தட்டில் எடுத்து, அம்மா செய்வது போலக் கையால் உதிர்க்க ஆரம்பித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படி இல்லை. அவர் சதுரமாக வெட்டுவார்."

"எவ்வளவு பெரிய சதுரம்?"

இரண்டு விரல்களை விரித்துக் காட்டினாள். பிறகு இன்னும் கொஞ்சம் விரித்தாள். பிறகு கையை இறக்கிவிட்டாள். "தெரியவில்லை. எனக்குக் கத்திச் சத்தம் மட்டும்தான் கேட்கும்."

அடுப்புக்கு மேலே அலமாரியில் அவருடைய பாட்டில்கள் அப்படியே இருந்தன. எல்லாவற்றிலும் சீன எழுத்து. அவளுக்கும் அது படிக்கத் தெரியாது. போனைக் காட்டி மொழிபெயர்த்தோம். ஒன்றைச் சமையல் மது என்றது. இன்னொன்றைக் கிழட்டு இழுவை என்றது. விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன், கறுப்பு சோயா சாஸ். இணையத்தில் தேடினால் அவளுடைய ஊர்க்காரர்கள் அதைக் கஞ்சியில் போட்டார்கள், சூப்பில் போட்டார்கள், முளைகட்டிய பயறோடு வதக்கினார்கள். எது அவருடையது என்று எங்களுக்குப் புரியவில்லை.

கடைசியில் அவள் சான் ஹோசேயில் இருக்கும் நாத்தனாரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து, எனக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே கேட்டாள். அந்தப் பெண் நம்பாமல் திரும்பக் கேட்டாள்.

"ரத்தமா? எங்கள் அண்ணனா? சின்ன வயதில் அம்மா கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாலே மேசையை விட்டு ஓடிவிடுவாரே."

"பதினேழு வருடம் ஞாயிறுதோறும் சமைத்தார்" என்றாள் இவள்.

"எனக்குத் தெரியாது, அண்ணி. அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை."

"நானும் பார்த்ததில்லை" என்றாள் இவள்.

இருந்தாலும் நாத்தனார் தங்கள் அம்மா செய்த விதத்தைச் சொன்னாள். இஞ்சி, அரிசி மது, புளித்த கடுகுக்கீரை, வெள்ளை மிளகு, இறக்கும்போது பூண்டு மணக்கும் தட்டையான வெங்காயத்தாள். மீன் சாஸ் கூடவே கூடாது, அது உங்கள் வியட்நாம் பக்கத்துப் பழக்கம் என்றாள். "மீன் சாஸ் போட்டார். அந்த வாசனை எனக்குத் தெரியாதா?" என்று இவள் சொன்னாள். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. போனை வைத்த பிறகு, "இரண்டையும் போடு" என்றாள் என்னிடம்.

இஞ்சித் தண்ணீர் தளதளவென்று கொதித்தால் கட்டி ஓட்டை ஓட்டையாகிவிடும் என்று எங்கோ படித்திருந்ததால், கட்டியைச் சதுரமாக வெட்டிச் சிறு தீயில் வேகவைத்தேன். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் பூண்டும் கடுகுக்கீரையும் வதங்கின. வெந்த துண்டுகளைப் போட்டு மதுவை ஊற்றியபோது குப்பென்று ஆவி எழுந்தது. அவள் சட்டிக்கு மேல் குனிந்து முகர்ந்து, இல்லை என்று தலையாட்டினாள். மீன் சாஸ் விட்டேன். மறுபடியும் இல்லை. வெள்ளை மிளகைத் தூவியதும் அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது ஆமாமா, இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். பஞ்சு போல இருந்தது. புளிப்பும் காரமும் அடங்கிய பிறகு, பழைய இரும்புக் கரண்டியை நாக்கில் வைத்தது போன்ற ருசி வந்தது. அது எனக்குத் தெரிந்த ருசி. மற்றதெல்லாம் தெரியாதவை.

"சரியாக இருக்கிறதா?" என்று அவள் கேட்டாள்.

"நீதான் சொல்லவேண்டும்."

"நான் ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லையே."

இருவரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சரியா தவறா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கூடத்தில் படமாக இருந்தார். அவருக்கும் அது பிடிக்குமா என்பது இப்போது சந்தேகம்.

படத்தின் முன் கிண்ணத்தை வைத்து ஊதுபத்தி ஏற்றினாள். நானும் கைகூப்பினேன். என்ன வேண்டுவது என்று தெரியாமல், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தமிழில் சொன்னேன். பத்தி எரிந்து முடிந்ததும் அவள் கிண்ணத்தை எடுத்து, நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள். அடுத்த துண்டையும் எடுத்தாள்.

"பிடித்திருக்கிறதா?"

"தெரியவில்லை" என்றாள். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "அப்ப அவர் யாருக்காகத்தான் குக் பண்ணினாரு?" என்று என் கணவர் கேட்டார். எனக்கும் அதுதான் குழப்பம். அந்த வாரம் முழுவதும் ஃப்ரீவேயில் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அவளிடமிருந்து போன் வந்தது.

"ரத்தம் வாங்கி வந்திருக்கிறேன். வருகிறாயா?"

"நினைவு நாள்தான் முடிந்துவிட்டதே?"

"தெரியும்" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.