கடலுக்கு விட்ட குருசு

மூன்று வருடங்களுக்கு முன், கடல் கொந்தளிக்கும் பருவம் தொடங்கப் போகிற நாட்களில், இலங்கையின் கற்பிட்டிக் கரையோரத்துக் கத்தோலிக்க மீனவக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. அப்போது நான் மரபுரிமைப் பாதுகாப்பிலும் முகாமைத்துவத்திலும் முதுமாணிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். "கல்லுக்கும் மண்ணுக்கும் ஒரு பட்டமா மகள்?" என்று வாப்பா கேலி செய்வார்.

இறந்தவர்களைப் புதைக்கும் அந்த ஊர்ச் சேமக்காலையைக் கடல் அரித்துக்கொண்டு வந்தது. கல்லறைகளைக் கோவிலுக்குப் பின்னாலுள்ள மேட்டு நிலத்துக்கு மாற்ற ஊரார் முடிவெடுத்திருந்தார்கள். எதை எப்படி நகர்த்துவது என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் ஆய்வு. ஊரே சேர்ந்து வேலை செய்தது. பழைய கல் ஒன்றுகூட உடையவில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

கடைசியாக, கடலுக்கு ஆகக் கிட்ட நின்ற ஒரு மரச் சிலுவைக்கு, அவர்கள் சொல்கிற குருசுக்கு, வந்தோம். என் வயதுப் பெண் ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கணவர் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்களின் உடுப்பைப் புதைத்துக் குருசு நடுவது அங்கே வழக்கம்.

"இதுக்குள்ள அவர்ட சாரமும் சேட்டும்தான் மிஸ் கிடக்கு. ஆள் கடலுக்குள்ள. இத மேட்டுக்குக் கொண்டு போனா அவர்ட்ட இருந்து இன்னும் தூரமாப் போயிரும். கடலே வந்து எடுக்கட்டும்" என்றாள்.

அவளுடைய மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "என்ட மகனுக்கு ஊருக்குள்ள ஒரு அடையாளமும் வேணாமா?" என்று கத்தினார். கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்த பாடத்துக்கு முந்தி அழுகைதான் வந்தது. இருவரில் ஒருவரின் மனதை நோகடிக்காமல் அங்கே எதையும் சொல்ல முடியாது. "ஐயா, மேட்டில ஒரு கல்லுல அவர்ட பேர வெட்டுவம். குருசு இங்கயே நிக்கட்டும்" என்றேன். அவர், தோண்டுவதற்கு நின்ற இளைஞர்களைக் கையசைத்துப் போகச் சொன்னார்.

அந்தப் பருவத்திலேயே அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "இண்டைக்குக் காலையில குருசு கடலோட போயிட்டுது மிஸ். மாமாவும் கரையிலதான் நிண்டார். ரெண்டு பேரும் செபம் சொன்னம்" என்றாள்.

பட்டம் வாங்கி, இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் வேலையில்தான் இருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும், இது யாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அங்குள்ளவர்களிடம் கேட்ட பிறகுதான் அளவு நாடாவைக் கையில் எடுக்கிறேன்.